இருபது மணிச் சட்டம்: கழித்தலுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் பொருள்

இரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பியிலும் பத்து மணிகள். ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. சுற்றிலும் ஒரு மரச்சட்டம். பொருள் இவ்வளவுதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க ஏதாவது வாங்கலாம் என்று நினைக்கும் பெற்றோரும், என்னைப் போல மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்பவர்களும், வேறு எதற்கும் பணம் செலவழிப்பதற்கு முன் இதை வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அப்போது பிடித்த பழக்கம், இன்றும் மாலையானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரிந்துவிடுகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளைகள். பள்ளியில் எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். எந்த நிலைப் பிள்ளையாக இருந்தாலும் கூட்டலில் துள்ளிக்கொண்டு வருகிறது. கழித்தல் என்றதும் வேகம் குறைந்துவிடுகிறது.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் அன்று. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் ஆய்வு கிராமப்புறக் குழந்தைகளிடம் கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கிறது. இந்திய அளவில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைப் போடத் தெரிந்தவர்கள் 2022-இல் 25.9 சதவீதம். 2024-இல் அது 33.7 சதவீதமாக ஏறியது. ஏறியது நல்ல செய்திதான். ஆனாலும் மூன்று பிள்ளைகளில் இருவருக்கு அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதை ஒரு தன்னார்வலரால் சும்மா படித்துவிட்டுக் கடந்து போக முடியாது.

எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எட்டிலிருந்து மூன்று போனால் எவ்வளவு என்று கேட்டால், ஒரு பிள்ளை மூன்று விரல்களை மடக்கிக்கொண்டே "எட்டு, ஏழு, ஆறு" என்று சொல்லி, ஆறு என்று விடை தருகிறது. பின்னோக்கி எண்ணத் தெரிகிறது. எட்டைச் சொல்லும்போதே ஒரு விரலை மடக்கிவிட்டதால்தான் ஒன்று கூடிவிட்டது. இன்னொரு பிள்ளை சிலேட்டில் எட்டுக் கோடுகள் போட்டு, மூன்றை அடித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறது. விடை சரி. ஆனால் ஒரே கணக்குக்கு மூன்று முறை எண்ண வேண்டியிருக்கிறது: எட்டு வரை, மூன்று வரை, ஐந்து வரை. எட்டுக்கு இது போதும். பதினைந்துக்கு வரும்போது பிள்ளை களைத்துப்போகிறது. ஐம்பத்திரண்டுக்கு வரும்போது கோடு போட சிலேட்டில் இடமில்லை.

ஆக, பிரச்சினை கழித்தலில் இல்லை. ஒவ்வொன்றாக எண்ணுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. இந்தச் சட்டம் அந்த இடத்தைத்தான் நேராகத் தொடுகிறது.

மூன்று அல்லது நான்கு பொருள்கள் வரை நம் கண் எண்ணாமலேயே அறிந்துகொள்ளும். அதற்கு மேல் போனால் எண்ண வேண்டும், இல்லையென்றால் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழு மணிகள் ஒரே நிறத்தில் வரிசையாக இருந்தால் பெரியவர்களுக்கும் ஏழா எட்டா என்று சந்தேகம் வரும். ஐந்து சிவப்பும் இரண்டு வெள்ளையும் என்று இருந்தால் சந்தேகமே வராது. நிறம் ஐந்தில் மாறுவதும், கம்பி பத்தில் முடிவதும்தான் இந்தப் பொருளின் மொத்த அறிவும். நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரத்திலுள்ள பிராய்டந்தால் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கணிதக் கல்வியாளர் அட்ரி டிரெஃபர்ஸ் வடிவமைத்தது இது. அங்கே இதற்கு ரேக்கன்ரெக் (rekenrek) என்று பெயர். இணையத்தில் தேடும்போது அந்தப் பெயரில் தேடினால்தான் சரியான பொருள் கிடைக்கும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

வாங்கிய உடனே கழித்தலுக்குப் போக வேண்டாம். முதலில் மணிகளையெல்லாம் வலது பக்கம் ஒதுக்கி வைத்து, ஓர் எண்ணைச் சொல்லி, அத்தனை மணிகளை இடது பக்கம் ஒரே தள்ளலில் தள்ளச் சொல்கிறேன். ஒவ்வொன்றாகத் தள்ளக் கூடாது, ஒரே தள்ளல்தான் என்பது எங்கள் திண்ணை விதி. ஆறு என்றால் பிள்ளை விரலைச் சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், இன்னும் ஒரு மணி தள்ளி வைத்து, அங்கிருந்து தள்ளுகிறது. ஒன்பது என்றால் கடைசி மணியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தள்ளுகிறது. ஒன்பது என்பது பத்துக்கு ஒன்று குறைவு என்று நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. அந்த விரல் தானாகக் கண்டுபிடித்தது. இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. பிள்ளைகளுக்கு அலுக்கும் வரை விளையாடட்டும். இங்கே கிடைக்கும் லாபம்தான் பின்னால் கழித்தலில் வட்டியோடு வருகிறது.

பிறகு எட்டில் மூன்று. இடது பக்கம் எட்டு மணிகள்: ஐந்து சிவப்பு, மூன்று வெள்ளை. மூன்றைத் திருப்பித் தள்ளினால் வெள்ளை முழுவதும் போய்விடுகிறது. "வெள்ளை தீர்ந்துவிட்டது அக்கா, அஞ்சு" என்றாள் இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. எண்ணவே இல்லை. பின்னோக்கி எண்ணும்போது வந்த அந்த ஒன்று கூடும் பிழைக்கு இங்கே இடமே கிடையாது. ஏழில் ஐந்து போனால் என்றும் கேட்டேன். சிவப்பு ஐந்தை மனத்தில் கழற்றிவிட்டு வெள்ளையைப் பார்த்து இரண்டு என்று அவளே சொன்னாள். கம்பியில் வலக்கோடி மணிகளைத்தான் முதலில் தள்ள முடியும் என்றாலும், எந்த ஐந்தை எடுத்தாலும் மிச்சம் அதே இரண்டுதான் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

இந்தப் பொருளின் உண்மையான பெருமை பத்தைத் தாண்டும்போதுதான் தெரிகிறது. பதின்மூன்றில் ஐந்து. மேல் கம்பியில் பத்து, கீழ் கம்பியில் மூன்று. ஒரு பையன் கீழே உள்ள மூன்றையும் தள்ளிவிட்டு, மேலே போய் இன்னும் இரண்டைத் தள்ளினான். மேலே எட்டு. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள் கீழ் கம்பியைத் தொடவே இல்லை. மேல் கம்பியில் உள்ள வெள்ளை ஐந்தையும் ஒரே தள்ளலில் அனுப்பிவிட்டாள். மேலே ஐந்து சிவப்பு, கீழே மூன்று சிவப்பு. அவளுக்கும் எட்டு. அதன்பின் யார் செய்தது சரி என்று இருவருக்கும் சண்டை. நான் தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் அடுத்தவர் வழியில் பதினான்கில் ஆறு செய்து காட்டச் சொன்னேன். அந்தச் சண்டை முடிவதற்குள் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இரண்டு வழிகளும் பழகிவிட்டன. ஒரு கணக்கைப் பற்றிச் சண்டை போடும் அளவுக்குப் பிள்ளைகளுக்கு அதில் உரிமை வந்துவிட்டால், அந்தக் கணக்கு அவர்களுடையதாகிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பன்னிரண்டில் ஒன்பது என்றால் பின்னோக்கி ஒன்பது முறை எண்ணுவது பெரிய பாடு. சட்டத்தில் மேல் பத்திலிருந்து ஒன்பதை எடுத்தால் மேலே ஒன்று, கீழே ஏற்கெனவே இரண்டு, மூன்று. நாளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கும்போது, பத்தை உடைத்து அதிலிருந்து எடுக்கும் இந்தப் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும்.

'எத்தனை அதிகம்' வகைக் கணக்குகளுக்கும் இது உதவும். அண்ணனிடம் ஒன்பது கோலிக்குண்டுகள், தம்பியிடம் ஆறு, அண்ணனிடம் எத்தனை அதிகம் என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் பதினைந்து என்கிறார்கள். 'அதிகம்' என்று காதில் விழுந்ததும் கூட்டிவிடுகிறார்கள். எதுவும் போகவில்லை, யாரும் தின்னவில்லை, பறவை பறக்கவில்லை. பிறகு எதற்குக் கழிக்க வேண்டும்? அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பாடங்களில் கழித்தல் என்றாலே எதையாவது எடுத்துக்கொண்டு போவதாகவே காட்டிவிடுகிறோம். சட்டத்தில் மேல் கம்பி அண்ணனுக்கு, கீழ் கம்பி தம்பிக்கு என்று வைத்துவிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக மணிகள் நிற்கின்றன. ஆறு ஜோடிகள் சேர்ந்தபின் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று மணிகளைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டுகிறது. ஒரு கம்பியில் பத்து மணிகள்தான் என்பதால் பத்துக்கு உட்பட்ட எண்களை மட்டுமே இப்படி ஒப்பிட முடியும். அந்த வயதுக்கு அது போதும்.

இப்போது ஓர் எச்சரிக்கை. பொம்மைக் கடைகளில் தொங்கும் நூறு மணிச் சட்டத்தை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். பத்துக் கம்பிகள், கம்பிக்குப் பத்து மணிகள், ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு நிறம். பார்க்க அழகாக இருக்கும், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், மணிகளும் நிறைய. ஆனால் ஒரு வரிசை முழுவதும் பச்சை, அடுத்தது முழுவதும் மஞ்சள் என்று இருந்தால் ஐந்து எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை மறுபடி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிடும். எந்தப் பழக்கத்திலிருந்து மீட்க நினைக்கிறோமோ அதையே அந்தச் சட்டம் உறுதிப்படுத்திவிடும். வீட்டில் ஏற்கெனவே அது இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். முதல் இரண்டு கம்பிகளில் வலப்பக்க ஐந்து மணிகளுக்கு நகப்பூச்சால் வேறு நிறம் பூசிவிட்டு, மற்ற கம்பிகளை ஒரு துணியால் மறைத்துவிடுங்கள். பள்ளிகளில் இடமதிப்புக்குப் பயன்படும் ஆணிமணிச் சட்டமும் வேறு. அதில் ஒரே அளவுள்ள ஒரு மணி ஓர் ஆணியில் ஒன்றாகவும் அடுத்த ஆணியில் பத்தாகவும் மாறுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சற்று முன்கூட்டியே வரும் பாடம்.

நான் வாங்கிய சட்டத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு சிறு விற்பனையாளரிடம் வரவழைத்தேன். ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சட்டம் ஒரு பெரிய நோட்டுப் புத்தக நீளம். மணிகள் நன்றாகக் கடைந்து அரக்குப் பூச்சு பூசப்பட்டவை. கூர்முனைகள் இல்லை, ஈரக் கையால் தொட்டாலும் நிறம் ஒட்டவில்லை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மரப்பொம்மைகளில் இருக்கும் அதே வழவழப்பு. அந்தப் பொம்மைகளை வெட்பாலை மரத்தில் கடைந்து, சுழலும்போதே அரக்கு ஏற்றுவார்கள். இதுவும் அப்படிச் செய்ததுதானா என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. சட்டத்தின் மூலைகளில் ஆணி இல்லாமல் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மூலை விட்டுக்கொடுத்தது. மரப்பசை வைத்து ஒரு நாள் இறுகக் கட்டிவைத்ததில் சரியாகிவிட்டது. விலையைப் பார்த்தால் இந்த வேலையை அவர்களே சரியாகச் செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை கம்பி. வழுவழுப்பான எஃகுக் கம்பி என்பதால் மணிகள் தொட்டால் ஓடுகின்றன. சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பிள்ளை கஷ்டப்பட்டு வைத்த பதின்மூன்று கலைந்துவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தை இதில் அழுதுகூட விடும். பாயில் தட்டையாக வைத்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது; சுவரில் சாய்த்து வைத்து எல்லோருக்கும் காட்ட முடியவில்லை. வலது பக்கத்து மணிகளை மறைக்க ஒரு பலகைத் தடுப்பும் இல்லை. சில விற்பனையாளர்கள் அதைச் சேர்த்தே தருகிறார்கள். நான் காலண்டர் அட்டையில் வெட்டி ஒட்டிக்கொண்டேன், கழற்றி மாட்டும்படி. ஏனென்றால் சில நேரம் மறைப்பு வேண்டும், சில நேரம் வேண்டாம். எட்டில் மூன்று செய்யும்போது ஒதுங்கிய மணிகள் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது. ஆனால் பத்தில் ஏழு எடுத்துக்கொண்டால் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கும்போது ஒதுங்கிய அந்த மணிகள்தான் பாடமே. ஏழும் மூன்றும், ஆறும் நான்கும், எட்டும் இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைக் கண் பார்த்துப் பழக வேண்டும். இந்த ஜோடிகள் கைவசம் இருந்தால் கழித்தலில் பாதிப் பயம் போய்விடும்.

கூடவே வந்த துண்டுத்தாள் எனக்கு ஏமாற்றம். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதிலும் மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணச் சொல்லும் படங்கள்தான். இவ்வளவு யோசித்து வடிவமைக்கப்பட்ட பொருளை விற்பவர்கள், அதை எதற்காகச் செய்தார்கள் என்பதையே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வைத்தால் எத்தனையோ அம்மாக்களுக்கு உதவும். எழுதித் தர நானே தயார் என்று அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

இதனால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இருபதுக்கு மேல் இந்தச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அசர் கேட்கும் அந்த ஈரிலக்கக் கணக்கு இதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் நிறையப் பேர் 35 என்று எழுதுகிறார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது. அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்து ஐந்து என்று போட்டுவிடுகிறார்கள். இது கவனக்குறைவு இல்லை. பெரியதிலிருந்து சிறியதை எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்த விதியை அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978-இலேயே பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, அவற்றில் பல ஏனோதானோவென்று வருபவை அல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளே ஒரு தவறான விதி சீராக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதனால்தான் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மறுபடி பத்துக் கணக்குப் போடு என்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பத்திலும் அதே விதிதான் ஓடும்.

இனமாற்றம் உள்ள கழித்தலுக்கு, அதாவது கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குக்கு, எங்கள் திண்ணையில் ஈர்க்குச்சிக் கட்டுகளைத்தான் வைத்திருக்கிறேன். விளக்குமாற்றிலிருந்து ஒடித்த குச்சிகள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டவை. ஐந்து கட்டுகளும் இரண்டு குச்சிகளும் ஐம்பத்திரண்டு. ஏழு குச்சிகள் கேட்டால் கையில் இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை தானாகவே ஒரு கட்டைப் பிரிக்கிறது. கட்டு நான்கு, குச்சி பன்னிரண்டு. பன்னிரண்டில் ஏழு ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. இருபத்தைந்து. பிரித்த பிறகும் மொத்தம் அதே ஐம்பத்திரண்டுதான் என்பதைப் பிள்ளை தன் கையால் செய்து பார்க்கிறது. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தால், திருப்பித் தர வேண்டாமா என்று கேட்கும் புத்திசாலிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மிடம் பதில் கிடையாது. கட்டைப் பிரிப்பதில் அந்தக் கேள்வியே எழாது. இங்கேயும் 'பன்னிரண்டில் ஏழு' என்று வரும் இடத்தில், மணிச் சட்டத்தில் பழகிய பிள்ளை தயங்காமல் ஐந்து என்கிறது. பழகாத பிள்ளை அங்கே நின்று விரல் விடத் தொடங்குகிறது, அதற்குள் தொடக்கக் கணக்கு மறந்துவிடுகிறது.

நூறு மணி மாலை ஒன்றும் கட்டி வைத்திருக்கிறேன்: பத்துச் சிவப்பு, பத்து வெள்ளை என்று மாறி மாறிக் கோத்த ஒரே கயிறு, திண்ணைச் சுவரில் ஒரு தூணிலிருந்து மறு தூண் வரை. ஐம்பத்திரண்டில் துணிக் கிளிப்பை மாட்டிவிட்டு இருபது பின்னால் போனால் முப்பத்திரண்டு, இரண்டு போனால் முப்பது, இன்னும் ஐந்து போனால் இருபத்தைந்து. எதிர்த்திசையிலும் போகலாம். எங்கள் தெருப் பெட்டிக்கடைத் தாத்தா முப்பத்தேழு ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய் நோட்டு வாங்கினால் கழிப்பதே இல்லை. மூன்று ஒற்றை ரூபாய்களை வைத்து "நாற்பது" என்கிறார், ஒரு பத்து ரூபாயை வைத்து "ஐம்பது" என்கிறார். பதின்மூன்று நம் கைக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளை அவர் கடைக்கு அனுப்பிச் சில்லறை வாங்கிவரச் சொல்லிவிட்டு, அதே பாதையை மாலையில் கிளிப்பை நகர்த்திக் காட்டச் சொல்வேன். கழித்தலைக் கூட்டிக்கொண்டே போய்ச் செய்யலாம் என்பதைப் புத்தகத்தைவிட அந்தத் தாத்தா நன்றாகக் கற்றுத்தருகிறார்.

வேறு சில பொருள்களையும் வாங்கிப் பார்த்தேன். நிறக்கோல்கள் என்று விற்கும் பத்து அளவு மரத்துண்டுகள், பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கியவை, ஒப்பிடுவதற்கு அருமையானவை. ஒன்பது சென்டிமீட்டர் நீலக் கோலையும் ஆறு சென்டிமீட்டர் கரும்பச்சைக் கோலையும் பக்கத்தில் வைத்தால், இடைவெளியில் மூன்று சென்டிமீட்டர் இளம்பச்சைக் கோல் கச்சிதமாக உட்காரும். ஒரே பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது நல்ல இரண்டாவது பொருள். கூட்டமாகப் பிள்ளைகள் வரும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டைகள் காணாமல் போகின்றன. கைக்குழந்தை தவழும் வீட்டில் வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆப்பிள் படங்களை அடித்து மிச்சத்தை எண்ணி எழுதும் பயிற்சிப் புத்தகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சப் படங்களை எண்ணினாலே விடை வந்துவிடும். கழித்தல் என்ற எண்ணமே அங்கே தேவைப்படுவதில்லை. கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நேரம் வைத்து ஓட்டும் எதுவும் இந்த வயதுக்கு வேண்டாம்.

விரல் விட்டு எண்ணும் பிள்ளைகளைத் திட்டுகிற பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விரல்களும் ஐந்து ஐந்தாகத்தான் இருக்கின்றன. இந்தச் சட்டத்தில் பழகியபின் பிள்ளைகள் விரலைப் பயன்படுத்தும் விதமே மாறிவிடுகிறது. எட்டு என்றால் ஒரு கையை முழுவதாக விரித்து இன்னொன்றில் மூன்றைக் காட்டுகிறார்கள், ஒன்று இரண்டு என்று தொடங்குவதில்லை. விரலைத் தட்டிவிட்டு மனக்கணக்காகச் சொல் என்று அதட்டினால் பிள்ளை மேசைக்குக் கீழே ஒளித்து எண்ணும், அவ்வளவுதான்.

சட்டத்தையே எப்போதும் நம்பியிருந்துவிடுமோ என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்று அறிதலுக்கு மூன்று வழிகளை 1960-களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் விளக்கினார். நடுவில் இருக்கும் வழியைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. நான் செய்வது இது: மணிகளை வைத்தபின் சட்டத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறேன். பதினான்கு வைத்தோம், ஆறு எடுத்தால் உள்ளே எப்படி இருக்கும்? பிள்ளை துண்டை உற்றுப் பார்த்து, "மேலே எட்டு இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது" என்கிறது. துண்டை விலக்கிச் சரிபார்ப்பதில் அவர்களுக்கு அடக்க முடியாத ஆர்வம். கொஞ்ச நாளில் மூடிய சட்டம்கூட வேண்டியதில்லை. இரண்டு கோடுகள் வரைந்தால் போதும். அதன்பின் வெறும் எண்கள். யாரும் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. தங்களுக்குத் தேவையில்லை என்றானதும் அவர்களே அடுத்த பிள்ளைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

பணம் இல்லையென்றாலும் இது கிடைக்காமல் போக வேண்டியதில்லை. கெட்டியான அட்டை ஒன்று, பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் பெரிய பாசிமணிகள் இரண்டு நிறத்தில் பத்துப் பத்து, இரண்டு ஷூ லேஸ்கள். அட்டையின் இரு ஓரங்களிலும் துளையிட்டு, லேஸில் ஐந்து சிவப்பு ஐந்து வெள்ளை கோத்துப் பின்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால் சட்டம் தயார். மணிகள் நகர இடது பக்கம் பாதியளவு இடம் விட வேண்டும். லேஸ் தொய்யாமல் இழுத்துக் கட்ட வேண்டும். மணியின் துளை லேஸைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும்படி தேர்ந்தெடுங்கள். அப்போது மணி வைத்த இடத்தில் நிற்கும். சட்டத்தைத் தூக்கிக் காட்டினாலும் கலையாது. உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் எஃகுக் கம்பிச் சட்டத்தைவிட அட்டைச் சட்டம் மேல். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒன்று செய்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மழையில் நனைந்தால் அட்டை போய்விடும் என்பதுதான் இதன் குறை. மணிகளைக் கழற்றி மறுபடி வேறு அட்டையில் கட்டிக்கொள்ளலாம்.

மரச்சட்டம்தான் வேண்டும் என்பவர்கள் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு கம்பிகளிலும் ஐந்தாவது மணிக்குப் பிறகு நிறம் மாறுகிறதா? இரண்டு கம்பிகளிலும் ஒரே பக்கத்திலிருந்துதான் சிவப்பு தொடங்குகிறதா? மணிகள் கம்பியில் நிற்கின்றனவா, ஓடுகின்றனவா? இரண்டாவது கேள்வி முக்கியம். மேலே சிவப்பு இடதுபக்கமும் கீழே வலதுபக்கமுமாகக் கோத்து விற்கும் சட்டங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அதில் பதின்மூன்று பதின்மூன்றாகத் தெரியாது. கம்பிகள் கழற்ற முடிகிற மாதிரி இருந்தால் கோத்து மாற்றிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.